உறக்கத்தை உளவு பார்க்கும் கருவிகள்

வீட்டிலே ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால், "ஆஹா! என்ன சுகமான நித்திரை!" என்று மற்றவர்கள் பொறாமைப்படுவது நம் நாட்டு வழக்கம். கும்பகர்ணனை உறக்கத்துக்கே உவமையாக்கி வைத்திருக்கிறோம். அவனுடைய குறட்டையை வர்ணிக்கும்போது கதை சொல்லுகிறவர்கள் சிறிதும் சிக்கனம் பார்ப்பதில்லை. ஆனால் தற்கால வைத்திய சாஸ்திரம் இந்த அபிப்பிராயத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டது. குறட்டை விடுகிறவர்களில் ஒரு சாரார் நன்றாக உறங்குவதே இல்லை. உறங்க முயன்று இரவு முழுவதும் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அது கூறுகிறது.

இதில் விசித்திரம் யாதெனில், அவ்விதம் தோற்றவருக்கே அந்தச் சங்கதி தெரியாது. காலையில் எழுந்து, "எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனாலும் அலுப்புத் தீரவில்லை" என்பார். பகலில் ஆபீஸ் நாற்காலியில் சாய்வார். மோட்டார் ஓட்டுகிறவராயிருந்தால், அவர் கண் ஒரு கணம் மூடுவது அவருக்கு மட்டுமல்ல, தெருவில் போகிற அனைவருக்கும் ஆபத்து. நோயாளிக்கே தெரியாத ஒரு நோயை, ஊசி குத்தாமலும் குழாய் செருகாமலும், அவர் உறக்கத்தை மேலும் கெடுக்காமலும் அளந்தறிவது எங்ஙனம்? இந்த முயற்சியைப் பற்றியே நேயர்களுக்குச் சில விஷயங்களை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தொண்டையில் நடக்கும் போராட்டம்

விழித்திருக்கும்போது நம் தொண்டையின் தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்துக் காவல் காக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கையொட்டிய மெல்லிய அண்ணமும் பின்னால் சரிகின்றன. பாதை இயற்கையிலேயே குறுகலாக இருந்தாலும், கழுத்தில் கொழுப்பு மிகுந்திருந்தாலும், அது அடைபட்டுப் போகிறது. மார்பும் வயிறும் மூச்சை இழுக்கப் பாடுபடுகின்றன. காற்றோ உள்ளே செல்வதில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. கரியமில வாயு மிகுகிறது. அபாயத்தை உணர்ந்த மூளை சில விநாடிகள் விழித்துக்கொள்கிறது. தசைகள் இறுகுகின்றன. ஒரு பெரிய செருமலோடு பாதை திறக்கிறது. உடனே மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு.

இதை வைத்தியர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்று நாம் சொல்லலாம். பெரியவர்களுக்குப் பத்து விநாடியாவது நீடித்தால்தான் அது தடை என்று கணக்கிடப்படும். முழுத் தடையும் பாதித் தடையும் சேர்ந்து மணிக்கு ஐந்து முதல் பதினைந்து வரை இருந்தால் நோய் லேசானது. முப்பதுக்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு முப்பது என்றால், ஏழு மணி நேர இரவில் இருநூற்றுப் பத்துத் தடவை! தூங்குகிற ஒருவரை அத்தனை தடவை யாராவது தோளைத் தட்டி எழுப்பினால் நாம் சும்மா இருப்போமா? ரத்தக் கொதிப்பும் இருதய நோயும் பக்கவாதமும் இந்த நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்படுவதில் வியப்பில்லை.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் கதையில், நின்றவாறே தூங்கி விழும் ஜோ என்ற பருத்த பையன் வருகிறான். 1956-ல் அமெரிக்க வைத்தியர்கள் இவனை நினைத்தே, பருமனும் தூக்கமும் சேர்ந்த ஒரு நோய்க்குப் 'பிக்விக்' என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆனால் அத்தகையவர்களின் மூச்சு உறக்கத்தில் அடிக்கடி நின்று போவதைக் கருவிகளால் பதிவு செய்து காட்டியது 1965-ல்தான். பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகரில் காஸ்தோவும் அவருடைய சகாக்களும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும், தனித்தனியே இதைக் கண்டார்கள்.

தலை நிறையக் கம்பிகள்

உறக்கத்தை அளப்பதற்கு இன்றும் பிரமாணமாக விளங்குவது மூளையின் மின்பதிவே. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானியர் 1924-ல் மனித மூளையின் மின்னோட்டத்தை முதன் முதலாகப் பதிவு செய்தார். அதை 1929-ல் வெளியிட்டார். 1953-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் நடுவே கண்மணிகள் வேகமாக அசையும் ஒரு நிலை உண்டென்று கண்டு சொன்னார்கள். இவ்வாறு வளர்ந்த கலையே இன்று ஆஸ்பத்திரிகளில் நடக்கும் முழு இரவுப் பரீட்சை.

அதற்கு உட்படுகிறவரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மண்டையில் கம்பிகள், கண்ணோரத்தில் கம்பிகள், மோவாயில் கம்பிகள். மூக்கில் காற்றை அறியும் ஒரு சிறு குழல். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். இருதயத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று. அடுத்த அறையில் ஒருவர் கண் கொட்டாமல் காவலிருப்பார். பொழுது விடிந்ததும் அந்தப் பதிவை முப்பது முப்பது விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கவேண்டும். எட்டு மணி நேர இரவுக்குத் தொள்ளாயிரத்து அறுபது துண்டுகள்! மூளையின் அலை மூன்று விநாடியாவது திடீரென்று வேகம் மாறினால், அதை ஒரு 'சிறு விழிப்பு' என்று கொள்ளவேண்டுமென 1992-ல் அமெரிக்க நிபுணர்கள் விதி வகுத்தார்கள். உறக்கம் எத்தனை இடத்தில் கிழிந்திருக்கிறது என்பதை இந்தச் சிறு விழிப்புகளைக் கொண்டே எண்ணுகிறார்கள்.

இந்தப் பரீட்சை சிறந்ததுதான். ஆனால் ஓர் இரவில் ஒரு படுக்கைக்கு ஒரே நோயாளி. செலவோ அதிகம். அறியாத இடத்தில், உடம்பெல்லாம் கம்பி சுற்றியிருக்க, வழக்கம்போல் உறங்குகிறவர் எத்தனை பேர்? தவிர, மூச்சுக்காக மார்பு படும் பாட்டைத் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால், மூக்கின் வழியே ஒரு மெல்லிய குழாயை உணவுக் குழல் வரை இறக்கவேண்டும். அதற்குச் சம்மதிப்பவர்கள் வெகு சிலரே. ஆகவே, மூளையைத் தொடாமலே மூளை விழித்ததை அறிய வழியுண்டா என்று அறிஞர்கள் தேடத் தொடங்கினார்கள்.

விரல் நுனியில் ஒரு விளக்கு

அவர்களுக்குக் கிடைத்த முதல் உளவாளி, நம் நேயர்களுக்கு நன்கு அறிமுகமானதே. 2020, 2021-ம் வருஷங்களில் கொள்ளை நோய் பரவியபோது வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான் அது. ஜப்பானியப் பொறியியலறிஞர் தகுவோ அவோயகி 1974-ல் அதன் தத்துவத்தை வெளியிட்டார். அவர் முதலில் தேடியது வேறு. இருதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் காது மடல் வழியே ஒளியைச் செலுத்தி அறிய முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அவருடைய அளவைக் கெடுத்தது. அதை நீக்க வழி தேடியபோதுதான், அந்தத் துடிப்பிலேயே பிராணவாயுவின் அளவு அடங்கியிருப்பதைக் கண்டார். பிராணவாயு நிறைந்த ரத்தமும் குறைந்த ரத்தமும் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு விகிதத்தில் விழுங்குகின்றன. துடிக்கும் ரத்தத்தில் மட்டும் அந்த விகிதத்தைப் பார்த்தால் போதும். அதற்கு முன் இதே விவரத்தை அறியப் பெரும்பாலும் நாளத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவேண்டியிருந்தது.

மூச்சுத் தடைபடும் நோயாளியின் விரலில் இதை இரவெல்லாம் மாட்டி வைத்தால், பிராணவாயுக் கோடு ரம்பப் பல்லைப் போல் இறங்கி இறங்கி ஏறும். ஆனால் இந்த உளவாளிக்கும் குறையுண்டு. சிலருக்கு, முக்கியமாக மெலிந்தவர்களுக்கும் இளம் வயதினருக்கும், பிராணவாயு குறைவதற்கு முன்பே மூளை விழித்துக்கொள்ளும். உறக்கம் கந்தலாகியிருக்கும், கோடோ நேராக இருக்கும்! 'ஆக்ஸிமீட்டர் நன்றாகக் காட்டுகிறது, ஆகவே நோயில்லை' என்று முடிவு செய்தால் ஏமாற்றமே.

இன்னொரு சங்கதியும் நாம் கவனிக்கத் தக்கது. 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, பிராணவாயு உண்மையில் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிவித்தது. தோலின் நிறம் ஒளியின் கணக்கைச் சிறிது புரட்டுகிறது. மாநிறமும் கறுப்புமாக உள்ள ஜனங்கள் நிறைந்த நமது தேசத்தில் இது அலட்சியம் செய்யத் தக்கதன்று.

நாடி சொல்லும் கதை

இரண்டாவது உளவாளி இருதயம். 1984-ல் கில்மினோ என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் அழகிய உண்மையை வெளியிட்டார்கள். மூச்சு அடைபட்டிருக்கும்போது இருதயத் துடிப்பு மெதுவாகிறது. அடைப்பு நீங்கி மூளை விழிக்கும் கணத்தில் திடீரென்று வேகமெடுக்கிறது. மெதுவாதலும் விரைதலும் அலைபோல் மாறி மாறி வருகின்றன. அப்படியானால் மார்பில் ஒட்டிய ஒரே கம்பியைக் கொண்டு நோயைக் கண்டுவிடலாமன்றோ? 2000-ல் சர்வதேசப் போட்டி ஒன்று நடந்தது. ஜெர்மனியின் மார்புர்க் நகரில் எடுத்த எழுபது இரவுகளின் இருதயப் பதிவைக் கொடுத்து, எந்த நிமிஷத்தில் மூச்சுத் தடைபட்டது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சிறந்த விடைகள் நூறு நிமிஷத்தில் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டன.

2005-ல் பாஸ்டன் நகரில் ராபர்ட் தாமஸும் அவருடைய குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். நிம்மதியான உறக்கத்தில் மூச்சும் நாடியும் சுருதியும் தாளமும் போல் இணைந்து செல்கின்றன. கலைந்த உறக்கத்தில் அவ்விணைப்பு தடுமாறி, நிதானமாக ஊசலாடும் வேறோர் அலையாக மாறுகிறது. இருதயப் பதிவு ஒன்றிலிருந்தே மூச்சையும் நாடியையும் பிரித்தெடுத்து, அவ்விரண்டின் ஒற்றுமையைக் கணக்கிட்டு, உறக்கம் உறுதியானதா குலைந்ததா என்று அவர்கள் சொல்கிறார்கள்.

விரலிலும் இதே கதை எழுதப்படுகிறது. மூளை விழிக்கும்போது நரம்புகள் ஏவ, விரல் நுனியின் ரத்த நாளங்கள் சுருங்குகின்றன. நாடியின் வீச்சுக் குறைகிறது. இதை அளக்கும் சிறிய உறையொன்றை விரலில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உறங்கலாம். ஆனால் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கும், நாளங்களைத் தளர்த்தும் சில மருந்துகளை உண்பவர்களுக்கும் இதன் கணக்குப் பொருந்தாது.

மற்றோர் உபாயம், இருதயத்திலிருந்து புறப்பட்ட நாடியலை விரலை அடைய எத்தனை நேரமாகிறது என்று பார்ப்பது. அது சுமார் கால் விநாடி. வீணையின் தந்தியை முறுக்கினால் அதிர்வு அதில் விரைந்து ஓடுவதுபோல, ரத்த அழுத்தம் ஏறி நாளம் விறைக்கும்போது அலை விரைவில் வந்து சேர்கிறது. ஒவ்வொரு சிறு விழிப்பிலும் அந்தக் கால் விநாடி சற்றுக் குறைகிறது. அடைபட்ட தொண்டையோடு மார்பு போராடும்போது அது கூடியும் குறைந்தும் அசைகிறது. உணவுக் குழலில் குழாய் இறக்கி அறிந்துவந்ததை, ஓரளவுக்கு வெளியிலிருந்தே அறிய இது வழி செய்கிறது.

படுக்கையும் காற்றலையும்

உடம்பில் எதையுமே ஒட்டாமல் அளக்க முடியாதா? முடியும் என்று 1979-ல் பின்லாந்து தேசத்தார் காட்டினார்கள். மின்னேற்றம் பெற்ற தகடுகளை மெத்தையின் அடியில் வைத்து, புரளுதல், மூச்சு, இருதயத்தின் மெல்லிய உதைப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே பதிவு செய்தார்கள். நோயாளி அறியவேண்டியது ஒன்றுமில்லை. வழக்கம்போல் படுத்தால் போதும்.

அடுத்ததைச் சொல்லும்போது நமக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதைத் தடுக்க இயலவில்லை. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாமல் அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தொலைவில் மணி அடிக்கவும் வெடிமருந்து பற்றவும் செய்து காட்டினார். அந்த வருஷங்களில் அவர் உண்டாக்கிய அலைகள் ஐந்து மில்லிமீட்டர் வரை நுண்ணியவை. கூகிள் கம்பெனி 2021-ல் வெளியிட்ட ஒரு படுக்கையருகுக் கருவி, அதே ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள அலையை உறங்குகிறவர்மேல் செலுத்தி, மார்பு எழுந்து தாழ்வதைத் தொடாமலே உணர்கிறது. அது நோயை நிர்ணயிக்கும் வைத்தியக் கருவியன்று. ஆயினும் வழி திறந்திருக்கிறது. வங்காளத்து விஞ்ஞானி ஒருவர் நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே எட்டிப் பார்த்த வாசல் அது.

கைக்கடிகாரங்களும் களத்தில் இறங்கிவிட்டன. 2024-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கண்காணிப்பு இலாகா, சாம்சங், ஆப்பிள் ஆகிய இரு கம்பெனிகளின் ஏற்பாடுகளுக்கும் அனுமதி அளித்தது. முன்னது பிராணவாயுவின் ஏற்றத் தாழ்வைப் பார்க்கிறது. பின்னது மணிக்கட்டின் நுண்ணிய அசைவிலிருந்து மூச்சின் குலைவைக் கணிக்கிறது. "வைத்தியரைப் பாருங்கள்" என்று எச்சரிப்பதே இவற்றின் வேலை; வைத்தியரின் வேலையை இவை செய்வதில்லை.

கணக்கில் ஒரு பொறி

இந்த எளிய கருவிகளை உபயோகிக்கிறவர்கள் அறியவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஒருவர் ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்தார். எண்பது தடவை மூச்சுத் தடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். எண்பதை ஏழால் வகுத்தால் மணிக்குப் பதினொன்று சொச்சம், லேசான நோய். ஆனால் அவர் உண்மையில் உறங்கியது ஐந்து மணி நேரந்தான் என்றால்? எண்பதை ஐந்தால் வகுத்தால் பதினாறு, நடுத்தர நோய். மூளையைப் பார்க்காத கருவிக்கு அவர் எப்போது உறங்கினார், எப்போது கண்ணை மூடி விழித்துக் கிடந்தார் என்பது நிச்சயமாகத் தெரியாது. ஆகவே வீட்டுப் பரீட்சைகள் நோயைக் குறைத்துக் காட்டக்கூடும். வீட்டுப் பரீட்சையில் நோயில்லை என்று வந்தும் பகல் தூக்கம் விடாமல் தொல்லை கொடுத்தால், ஆஸ்பத்திரியின் முழு இரவுப் பரீட்சையே முடிவானது.

பகல் தூக்கத்தை அளக்கவோ காகிதமும் பென்சிலும் போதும். 1991-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மரே ஜான்ஸ் என்னும் வைத்தியர் எட்டுக் கேள்விகள் அடங்கிய 'எப்வொர்த்' அட்டவணையை வகுத்தார். படிக்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டியில் பிரயாணம் செய்யும்போது தூங்கிவிடுவீர்களா என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க். மொத்தம் இருபத்து நாலில் பத்துக்கு மேல் போனால் வைத்தியரை நாடவேண்டும்.

பள்ளிக்கூடப் பெஞ்சியிலே

உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்த ஆராய்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடவேண்டும். 1998-ல் டேவிட் கோஸால் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் முதல் வகுப்புக் குழந்தைகளில் படிப்பில் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் இருந்த 297 பேரை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. பெற்றோரிடம் கேள்விகள் கேட்டார். குழந்தைகளின் வீட்டிலேயே ஓரிரவு ஆக்ஸிமீட்டரையும், தோல் வழியே கரியமில வாயுவை அறியும் கருவியையும் பொருத்தினார். 54 குழந்தைகளுக்கு உறக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அவர்களில் 24 பேருக்குத் தொண்டைச் சதையும் மூக்கின் பின்னுள்ள சதையும் ரண சிகிச்சையால் நீக்கப்பட்டன. மற்ற 30 பேரின் பெற்றோர் அச்சிகிச்சையைச் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருஷம் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களின் மார்க்குகள் உயர்ந்திருந்தன, பெறாதவர்களுடையவை உயரவில்லை.

நம் வகுப்புகளில் 'மக்கு' என்றும் 'தூங்குமூஞ்சி' என்றும் பெயர் வாங்கிப் பெஞ்சியின்மேல் நிறுத்தப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேர் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிவிட்டுக் காலையில் பள்ளிக்கு வந்தவர்களோ! குழந்தைகளுக்கு விதியும் வேறு: மணிக்கு ஒரு தடை இருந்தாலே அது கவனிக்கத் தக்கது. குழந்தை பெரியவர்களைப்போல் தூங்கி வழியாமல், நிலைகொள்ளாமல் துறுதுறுவென்று அலைவதும் உண்டு. வாயைத் திறந்து உறங்குவது, குறட்டை, தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வது, படுக்கையை நனைப்பது இவற்றைக் கண்டால் பிரம்பை எடுப்பதற்கு முன் வைத்தியரிடம் காட்டுவது நலம்.

குடும்பத்தார் செய்யத் தக்கது

இது பணக்கார நாடுகளின் நோய் என்று எண்ணவேண்டாம். 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பம்பாய் நகரத்து மத்திய வயது ஆடவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்தொன்பது பேருக்கு உறக்கத்தில் மூச்சுக் குலைவு இருப்பதாகவும், பகல் தூக்கத் தொல்லையும் சேர்ந்தவர்கள் அந்த ஆடவர்கள் அனைவரிலும் நூற்றுக்கு ஏழரைப் பேர் என்றும் கண்டார்கள். இதற்கும் வீட்டிலேயே இரவுப் பதிவு எடுத்தார்கள் என்பது குறிப்பிடத் தக்கது. கிராமத்துக்கு ஓர் உறக்கப் பரிசோதனைச் சாலை கட்ட நம்மால் இயலாது. ஆனால் விரலில் மாட்டும் கருவியை ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் அனுப்ப இயலும். அதை நம் தேசத்திலேயே செய்து, நம் ஜனங்களின் தோலுக்கும் உடலுக்கும் பொருத்தமாகச் சோதித்து நிர்ணயிக்க நம் சர்வகலாசாலைகள் முன்வரவேண்டும்.

அதுவரையில், எந்தக் கருவியும் இல்லாத வீட்டிலும் ஓர் அளவுகோல் உண்டு. அதுதான் பக்கத்தில் படுத்திருப்பவரின் காது. கூடத்தில் எல்லோரும் சேர்ந்து படுக்கும் நம் குடும்பங்களில் சாட்சிக்குக் குறைவில்லை. குறட்டை திடீரென்று நின்று, நிசப்தம் நிலவி, பிறகு செருமலோடு தொடங்குகிறதா? கடிகாரத்தைப் பார்த்து அந்த நிசப்தத்தை எண்ணுங்கள். பத்து விநாடிக்கு மேல் திரும்பத் திரும்ப நின்றால் குறித்து வையுங்கள். கையில் டெலிபோன் இருந்தால் அந்தச் சப்தத்தைப் பதிவு செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்திரீகள் குறட்டையை வெட்கம் என்று மறைப்பதால் அவர்களுடைய நோய் வெறும் அலுப்பு என்றும் தலைவலி என்றும் தட்டிக் கழிக்கப்படுகிறது. தாயாரின் உறக்கத்தையும் யாராவது கவனிக்கவேண்டும்.

நோய் உறுதியானால் பயப்பட வேண்டியதில்லை. உடல் பருமனைக் குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விலக்குவதும் பலருக்குப் பயன் தருகின்றன. நோய் மிகுந்தவர்களுக்கு, 1981-ல் சிட்னி நகரில் காலின் சல்லிவன் வெளியிட்ட முறை இருக்கிறது. மூக்கின்மேல் பொருத்திய மூடி வழியாக இதமான காற்றழுத்தம் செலுத்தினால் தொண்டை அடைபடுவதில்லை. முதல் இரவிலேயே ஆழ்ந்து உறங்கியவர்கள் உண்டு.

இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, வீட்டில் குறட்டை விடுகிறவர் பக்கம் ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சப்தத்தைவிட, இடையிலே வரும் நிசப்தத்தைக் கவனியுங்கள்.